நேராகப் போவதற்கு நாலு லைட்

எழுத உட்கார்ந்தது ராங் ரூட்டைப் பற்றி. எண்ணூர் விரைவுச் சாலையில் எதிர்த்திசையில் வருகிறவர்கள், வருவதோடு நிற்காமல், ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறவரைப் பார்த்து ஹெட்லைட்டை அடித்து ‘ஒதுங்கு’ என்கிறார்களே, அந்த நியாயத்தைத்தான் ஆராய்வதாக இருந்தேன். அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் நேற்று மாலையிலிருந்து மனசு வேறொரு சங்கதியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. என்ன நடந்தது என்று சொல்லப் போவதில்லை. சாலையில் நடந்த எதைச் சொல்லத் தொடங்கினாலும் சொல்கிறவர் சரியான பக்கத்தில், மிதமான வேகத்தில்தான் வந்துகொண்டிருப்பார். அந்தச் சாட்சியத்துக்குக் காலணா மதிப்பில்லை. ஆகவே ஆளை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நேராகப் போகிறவர் எதற்காக நாலு லைட்டையும் போடுகிறார்?

எந்த நாலு லைட் என்று நீங்கள் கேட்கப் போவதில்லை. நீங்களும் போடுகிறீர்கள். நாற்சந்தி வந்ததும், டேஷ்போர்டு நடுவில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானைக் கை தானாகத் தேடிப் போகிறது. முன்பு லாரிக்கும் காருக்கும் மட்டும் இருந்த வசதி. இப்போது பைக்கிலும் வந்துவிட்டது. இதன் தர்க்கத்தை முதலில் மரியாதையாகவே கேட்டுப் பார்ப்போம். இடது பக்கம் திரும்ப இடது லைட். வலது பக்கம் திரும்ப வலது லைட். நேராகப் போவதென்றால் இடதும் இல்லை, வலதும் இல்லை. ஆகவே இரண்டும்! ‘இட்லி வேண்டாம், தோசையும் வேண்டாம்’ என்று சொன்ன வாடிக்கையாளர் முன்னால் இரண்டையும் கொண்டுவந்து வைக்கிற சர்வரின் கணக்கு இது. இரண்டும் வேண்டாம் என்பதற்கு இரண்டும் வேண்டும் என்று பொருள் கண்ட ஊர் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை. நேராகப் போவது ஒரு செய்தியே அல்ல என்பதைக் கவனியுங்கள். எந்த லைட்டும் எரியாத வண்டி நேராகத்தான் போகும் என்பது, இண்டிகேட்டர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தபோதே பேசி முடித்த விஷயம். மாற்றம் இருந்தால்தான் அறிவிப்பு. இன்றைக்கு வழக்கம்போல மூச்சு விடப் போகிறேன் என்று யாரும் மைக் பிடித்துச் சொல்வதில்லை.

சரி, நேராகப் போகிறவர் நாலையும் போட்டுவிட்டார். வழியில் பழுதாகி நின்றுபோனவர் எதைப் போடுவது? அந்த லைட் உண்மையில் அவருக்காகத்தான் செய்யப்பட்டது; நான் நகர முடியாமல் நிற்கிறேன், பின்னால் வந்து மோதிவிடாதே என்று சொல்வதற்கு. ஆனால் அவர் போடுவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு விரைவுச் சாலையோரம் ஆக்சில் உடைந்து நிற்கிற டிரெய்லரைப் பாருங்கள். ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது. பின்பக்கம் ஒரு வேப்பங்கொப்பு செருகியிருக்கும், டயருக்கு முட்டுக்கொடுத்து நாலு கல் வைத்திருக்கும். ஓடுகிற வண்டிக்கு நாலு லைட், நிற்கிற வண்டிக்கு நாலு கல். வண்டி கிளம்பிப் போன பிறகும் அந்தக் கல் அங்கேயேதான் கிடக்கும், அடுத்து வருகிற பைக்குக்காக. கல்லைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது.

இந்த விளக்கில் இன்னொரு விசேஷம், நாலு லைட்டை நாலாகப் பார்த்தவர் எவரும் இல்லை. முன்னால் இருப்பவருக்கு இரண்டு தெரியும், பின்னால் இருப்பவருக்கு இரண்டு தெரியும். நாலையும் ஒருசேரப் பார்க்கக்கூடியது மேலே பறக்கிற காக்கை மட்டும்தான்; அதற்கு இந்தத் தகவலால் பயன் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் இருப்பவரின் கதிதான் மோசம். நாற்பது அடி கண்டெய்னர் ஒன்று நாற்சந்தியில் நேராகப் போகப் போகிறது, போட்டாயிற்று நாலையும். அதன் இடது பக்கத்தில் ஒட்டி நிற்கிற ஸ்கூட்டிக்குத் தெரிவது இடது பக்க லைட் மட்டுமே. அது சொல்வது என்ன? ‘இடது பக்கம் திரும்பப் போகிறேன், ஒதுங்கு.’ ஸ்கூட்டி ஒதுங்குகிறது, அல்லது பதறி நிற்கிறது. அதே நொடியில் வலது பக்கம் வருகிற ஆட்டோவுக்கு வலது லைட் மட்டும் தெரிகிறது. ‘வலது பக்கம் திரும்புகிறார் போல’ என்று அவரும் பிரேக் போடுகிறார். ஒரே வண்டி, ஒரே சமயத்தில், இரண்டு பேரிடம் இரண்டு பொய் சொல்லிவிட்டு, தான் பாட்டுக்கு நேராகப் போய்விடுகிறது. பின்னால் வருகிறவருக்கும் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ புகுந்து ஒரு பக்கத்தை மறைத்துவிட்டால் இதே கதைதான். போதாக்குறைக்கு நம் பகுதி டிரெய்லரில் நாலில் ஒன்றாவது ஃபியூஸ் போயிருக்கும். பின்னால் இடது லைட் செத்துப்போன டிரெய்லர் நாலையும் போட்டால், வலது பக்கம் திரும்பப் போவதாகப் பின்னால் வருகிறவரிடம் அடித்துச் சத்தியம் செய்கிறது.

இதற்கு மேல் அந்த லைட்டுக்கு நாம் ஏற்றி வைத்திருக்கும் பொருள்களைப் பாருங்கள். மழை பெய்தால் நாலு லைட். போகிப் புகையில் நாலு லைட். ரிவர்ஸ் எடுக்க நாலு லைட். இளநீர் வாங்க நிறுத்தினால் நாலு லைட். அதாவது, நாலு லைட் எரிகிறவரைக்கும் அந்த இடம் நோ பார்க்கிங் அல்ல என்பது நம் நம்பிக்கை. அந்த விளக்குக்கே ‘பார்க்கிங் லைட்’ என்று பேர் வைத்துவிட்டோம். போன் வந்தால் நாலு லைட். கல்யாணக் கார்கள் வரிசையாகப் போனால் நாலு லைட். சவ ஊர்வலத்துக்குப் பின்னால் போகிற வேனுக்கும் அதே நாலு லைட். ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல இதையே இரண்டு தரம் மினுக்குவார்கள். நல்ல வேளை, அந்தப் பழக்கம் இங்கே வரவில்லை. வழிவிடுகிறவர் இருந்தால்தானே நன்றி! இத்தனை பொருளுக்கும் ஒரே டிக் டிக். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருந்தால் இடம் பார்த்துப் பொருள் கொள் என்பார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இடம் பார்த்துப் பொருள் கொள்ள எந்தப் புலவராலும் முடியாது.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார். ‘வழக்கம்தான் சார் சட்டம். எல்லாரும் போட்டால் எல்லாருக்கும் புரியும்’ என்பார். நல்ல வாதம், நான் வழக்கத்துக்கு விரோதி இல்லை. பஸ் கண்டக்டரின் ‘ரைட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின்படி பார்த்தால் வலது பக்கம் திரும்பு என்று அர்த்தம். ஆனால் ‘போலாம் ரைட்’ கேட்டு எந்த டிரைவரும் வண்டியை வலது பக்கம் ஒடித்ததில்லை. ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு. தூங்குகிற பயணிக்குக்கூட அது தெரியும். ஆட்டோக்காரரின் காலும் அப்படியே. இடது பக்கம் ஒதுங்கும்போது அவர் இடது காலை வெளியே நீட்டுகிறார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சைகை, ஆனால் அந்தக் காலுக்கு ஒரே பொருள்தான், ஃபியூஸ் போகாது, ஒரே நேரத்தில் இரண்டு காலையும் நீட்டி ‘நேராகப் போகிறேன்’ என்று அவர் சொன்னதே இல்லை. சட்டத்தில் இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம், காட்டுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே பொருளைப் படிக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அந்தப் பரீட்சையில் ஆட்டோக்காரரின் செருப்புக் கால் பாஸ். நாலு லைட் ஃபெயில்.

‘ரோடு இருக்கிற லட்சணத்துக்கு லைட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்’ என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. எங்கள் நெட்டுக்குப்பத்துக்குக் கிழக்கே கடல், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். வண்டியில் ஊரை விட்டு வெளியே போக வேண்டுமானால் லாரிகளுக்கு நடுவில்தான் போயாக வேண்டும். ராயபுரத்துப் பக்கம் துறைமுக வாசலுக்குக் காத்திருக்கிற கண்டெய்னர் வரிசை எத்தனை டீக்கடைகளை வாழவைத்திருக்கிறது என்பதும் தெரிந்ததே. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு மேம்பாலச் சாலை என்று 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022இல் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லுக்கு மட்டும் நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆனால் பள்ளத்துக்கும் இண்டிகேட்டருக்கும் என்ன சம்பந்தம்? ரோடு கெட்டுக் கிடக்கிறது என்பதற்காக யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பள்ளம் உள்ள சாலையில்தான் அடுத்தவர் எந்தப் பக்கம் ஒடிப்பார் என்று முன்கூட்டித் தெரிவது இன்னும் அவசியம். இத்தனைக்கும் வண்டி நமக்குப் புதுசா? திருவொற்றியூரில் 1950களிலேயே புல்லட் செய்யத் தொடங்கிவிட்டோம். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய கம்பெனிதான் பின்னால் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஊருக்கெல்லாம் லாரியும் பைக்கும் இண்டிகேட்டரோடு செய்து அனுப்பிய பகுதி இது. தயிர்க்காரி மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்ட கதை.

எரிச்சலைக் கிளப்புவது, இதே பகுதியில், ஒரு கல்லெறி தூரத்தில், இந்த விவகாரத்தை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது. கடலைச் சொல்கிறேன். கப்பல்கள் மோதாமல் இருக்க 1972இல் சர்வதேச விதிகள் செய்தார்கள். இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று பார்க்கிற தூரத்தில் வரும்போது, ஒரு குட்டை ஊதல் ஊதினால் வலது பக்கம் திரும்புகிறேன். இரண்டு ஊதினால் இடது பக்கம். மூன்று ஊதினால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன். ஐந்து அல்லது அதற்கு மேல் விடாமல் ஊதினால், நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. எவ்வளவு கௌரவமான ஏற்பாடு! நம் ஊரில் அந்த ஐந்து ஊதலுக்குச் சமமானது ‘வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?’ என்பதுதான். நேராகப் போவதற்கு எத்தனை ஊதல் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் கிடையாது. நேராகப் போகிற கப்பல் வாயை மூடிக்கொண்டு போகும். கொரியாக்காரரும் கிரேக்கரும் பிலிப்பைன்ஸ்காரரும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் இந்த ஊதலை நம்பி வந்து சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் பெட்டியையும் சரக்கையும் இறக்குகிறார்கள். அந்தப் பெட்டி லாரியில் ஏறிக் கேட்டைத் தாண்டியதும், தமிழ் தெரிந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாமல் கத்திக்கொள்கிறார்கள்.

உடனே ஒருவர் 2017 ஜனவரி 28ஐ நினைவுபடுத்துவார். நியாயமான மடக்கல். அன்று விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள், இத்தனை ஊதலும் விதியும் இருந்தும், மோதிக்கொண்டன. எண்ணெய் கரைக்கு வந்தது. அதை வாளியால் அள்ளியதை நாடே டிவியில் பார்த்தது. ஆனால் அந்த மோதலுக்கு ஒரு தேதி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு கப்பல்களின் பெயரும் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு விதிப் புத்தகமும் இருக்கிறது. விரைவுச் சாலையில் நடக்கிற உரசலுக்குத் தேதி ஏது? ‘நான் நாலு லைட் போட்டிருந்தேனே!’ என்று ஒருவர் கத்துவார், ‘அதனால்தான்யா இடிச்சேன்!’ என்று மற்றவர் கத்துவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

அபராதம் போட்டால் சரியாகிவிடுமா? 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, தண்டனை தனியாகச் சொல்லப்படாத விதிமீறலுக்கு முதல் தடவை நூறு ரூபாயாக இருந்ததை ஐந்நூறாக்கினார்கள். தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் கூடியது உண்மை. ஆனால் ஹெல்மெட் இல்லாத தலை கேமராவில் விழும். தப்பான பொருளில் எரிகிற விளக்கு எப்படி விழும்? கற்றுக்கொடுத்தால் சரியாகுமா என்றால், நாம் கற்றுக்கொண்டது என்ன என்று பார்க்க வேண்டும். லைசென்ஸுக்கு எட்டுப் போட்டோம். எட்டுப் போட்டு ஆபீஸுக்குப் போகிறவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. எல்.எல்.ஆர். எடுக்கும்போது கை சைகை மனப்பாடம் செய்தோம். 1989இல் வந்து, 2017இல் புது விதிகள் வரும்வரை இருந்த சாலை விதிகளின்படி, இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கையை வெளியே நீட்டிக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டியிருந்தது. பின்னால் வருகிறவரை முந்திப் போகச் சொல்வதானால் அதே கையை முன்னும் பின்னும் அரைவட்டமாக வீச வேண்டியிருந்தது. மாவாட்டுவதற்கும் மாவு தள்ளிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். அதிலும்கூட, அந்தப் பட்டியல் முழுவதிலும், நேராகப் போவதற்குச் சைகை கிடையாது. எழுதியவர்களுக்கு அது தேவைப்படும் என்று தோன்றவே இல்லை. நம்மைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ராங் ரூட்டுக்கு வருகிறேன் என்றேன். இடம் முடிந்துவிட்டது. அவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள், எதிரிலேதான் வருவார்கள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். திருவொற்றியூரிலிருந்து வடக்கே வருகிறவர்களுக்குக் கடல் வலது கைப் பக்கம் இருக்கிறது. கடற்கரைக் குப்பங்களுக்குத் திரும்புவதானால் வலது லைட்டை மட்டும் போடுங்கள். திரும்பி முடித்ததும் அணைத்துவிடுங்கள். நேராகப் போவதானால் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.