ஏர் புட்சிருக்கும்!

பழைய ஜீப் என்பது நான்கு சக்கரங்களையும் இன்ஜினின் பலத்தால் உருட்டவல்ல, ஆனால் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக்கூட உருட்டாத வாகனம். 'பழைய' என்பதற்குச் சட்டத்தில் ஓர் அளவு உண்டு. பதிவு செய்து 15 ஆண்டு கழிந்தால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை அதே சடங்கு. 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியது. வண்டியின் விலை அதற்கேற்ப ஏறவில்லை. 'ஜீப்' என்பதற்கு எந்த அளவும் கிடையாது. கதவு இல்லாமல் நான்கு சக்கரத்தில் நிற்பது எதுவும் வடசென்னையில் ஜீப்தான்.

இந்திய ஜீப்பின் வரலாறு சுருக்கமானது. 1945-இல் லூதியானாவில் ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் சேர்ந்து 'மஹிந்திரா அண்டு முகம்மது' என்ற பெயரில் இரும்பு வணிகம் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார்; 1948-இல் பெயர்ப்பலகையில் இரண்டாவது மஹிந்திரா ஏறியது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பூட்டத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். பிற்பாடு வந்த எம்.எம். 540 மாடலுக்கு உடம்பு வில்லிஸ் வழி, இன்ஜின் பிரான்சு நாட்டுப் பெஜோ வழி: நான்கு சிலிண்டர், 2,112 சி.சி., டீசல். இந்தக் கலப்பு மணத்தின் விளைவுகள் ஸ்பேனர் எடுக்கும்போது தெரியவரும். நான்கு சக்கர ஓட்டத்தைச் சேர்க்கும் முறை கட்டுரையின் இறுதியில் விரிவாக விளக்கப்படும். ஜீப் வாங்குவதே அதற்காகத்தான்.

பராமரிப்புக்கு முதலில் வேண்டியது இடம். இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் ஜீப் நிற்பது எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். உப்புக்காற்று இரண்டு பக்கமும் முறைவைத்து வீசும். பழைய இரும்பைக் காப்பாற்ற இதைவிட மோசமான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜீப்காரர் இதைத் தெரிந்தே வாங்கினார் என்பதை அவர் வீட்டார் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்தது கருவிகள். ஜீப்பின் உடம்பில் இருப்பவை அங்குல நட்டுகள், இன்ஜினில் இருப்பவை மில்லிமீட்டர் நட்டுகள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 12 நுழையாது, 13 நுழையும், கொஞ்சம் ஆடும், பலம் கொடுத்தால் நட்டின் மூலையை மழித்துவிட்டுக் கையை ரேடியேட்டரில் மோதவிடும். 9/16 அங்குலம் 14.3 மில்லிமீட்டர் இருக்கும். அதற்கு 14 சேராது, 15 நிற்காது. முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 சரியாக உட்காரும்; அமெரிக்காவும் பிரான்சும் இந்த வண்டியில் ஒத்துப்போகும் ஒரே இடம் அது. ஆகவே இரண்டு செட் ஸ்பேனர் வேண்டும். இரண்டு செட் வாங்கினாலும் 12-13 மட்டும் காணாமல் போய்விடும். பக்கத்து வீட்டில் சிலிண்டர் அடுப்பு மாற்ற வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். கேட்டால், "அப்பவே குடுத்துட்டோமே" என்பார்கள். புதுச் சாமான் வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு, பழையது என்றால் புதுப்பேட்டை. எண்ணூரில் மின்ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கையில் கறுப்பு எண்ணெய் சொட்டும் ஒரு பாகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ரயிலில் உட்கார இடம் கிடைக்கும்.

இனிக் கோளாறைக் கண்டறிதல். ஸ்டார்ட் ஆகாத டீசல் ஜீப்பிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதா, சுற்றவில்லையா? சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு டீசல் வரும் வழியில், அல்லது குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் ப்ளக்கில். சுற்றவே இல்லை என்றால் கோளாறு பேட்டரியில், செல்ஃப் மோட்டாரில், அல்லது இரண்டுக்கும் நடுவே உள்ள வயரில். இந்த இரண்டும் வேறுவேறு ஊர். ஒன்றுக்குப் போகும் பஸ் மற்றதற்குப் போகாது. இந்த எளிய உண்மை இந்தப் பத்தியிலேயே விளங்கிவிடுகிறது. சென்ற ஞாயிறு காலை 7 மணி முதல் 11 மணி வரை முகத்துவாரக்குப்பத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அன்று சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் அசையவில்லை. ஜீப்காரர் பானெட்டைத் திறந்தார். தெருவில் பானெட்டைத் திறப்பது ஊருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். முதலில் வந்தவர் கடலிலிருந்து திரும்பியவர், தோளில் வலை. இழவு வீட்டில் நுழைபவரின் முகத்தோடு கிட்டே வந்து, ஒரு காலை பம்பர்மேல் வைத்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏர் புட்சிருக்கும்பா."

டீசல் குழாயில் காற்று புகுந்தால் பம்ப் அழுத்தம் கொடுக்காது. காற்றை வெளியேற்றினால்தான் நாசில் தெளிக்கும். உண்மை. ஆனால் காற்று புகுந்த இன்ஜின் சுற்றும், பிடிக்காது. இந்த இன்ஜினோ சுற்றவே இல்லை. ஜீப்காரர் இதைச் சொன்னார். வந்தவர் பரிவோடு கேட்டுக்கொண்டு, "அதான், ஏரு" என்றார்.

அடுத்தவர் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்ணூருக்கும் இன்ஜினுக்கும் உள்ள உறவு பழையது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் இங்கே ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அதுவே அசோக் லேலண்டு ஆனது. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட். ஆகவே எண்ணூர் நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர்மேல்தான் விழும். கல்லை எறியாமலே அவர் வந்துவிடுகிறார் என்பதுதான் சிக்கல். இவர் ஹாரனை அழுத்தச் சொன்னார். அடித்தது. "பேட்டரி ஃபுல்லு. அப்ப ஏருதான்." ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும், டீசல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃபுக்கு 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும், ஹாரன் அடிப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது என்பதெல்லாம் 33 வருடம் லாரி பூட்டியவரிடம் சொல்லக்கூடிய பேச்சல்ல.

தண்ணீர் கேன் போடும் பையன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. "ஏரு பாருண்ணே!" என்று கத்திக்கொண்டே வளைவில் மறைந்தான். மாவு வாங்கப் போன அம்மாள் ஒருவர், "ஏர் எடுத்தியா தம்பி? எங்க வூட்டுக்காரரு போட்டுக்கும் இப்டிதான் ஆவும்" என்றார். புல்லட் ஓட்டுபவர் ஒருவர் தன் வண்டியில் டீசலே கிடையாது என்பதைப் பொருட்படுத்தாமல் அதையே சொன்னார். எட்டாவது படிக்கும் பையன் சொன்னான். அவனைத் திட்டி அனுப்பிய அவன் தாத்தா, பேரன் போனதும், தாழ்ந்த குரலில் சொன்னார்.

இந்தக் கருத்தொற்றுமைக்குக் காரணம் உண்டு. குப்பத்தில் ஆளுக்கு ஒரு போட்டு, போட்டுக்கு ஒரு டீசல் இன்ஜின். கயிறு இழுத்தோ கைப்பிடி சுற்றியோ எழுப்பும் அந்த இன்ஜின்களுக்குப் பேட்டரி கிடையாது, செல்ஃப் கிடையாது, எர்த் வயர் கிடையாது. டேங்கில் டீசல் அடிமட்டத்துக்குப் போய் அலையில் ஆடினால் குழாயில் காற்று ஏறும். நடுக்கடலில் அதை எடுக்கத் தெரியாதவர் கரைக்கு வர முடியாது. ஆக, இங்கே எல்லோருக்கும் டீசல் இன்ஜின் தெரியும், எல்லோருக்கும் அதில் ஒரு நோய்தான் தெரியும். ஒன்றும் தெரியாதவர்கள் நடுவே பழுதுபார்ப்பது சுலபம். நன்றாகத் தெரிந்தவர்கள் நடுவே நாலு மணி நேரம் ஆகும்.

இந்த வழக்கம் கண்டிக்கத் தக்கது என்று எழுதிவிடலாம். ஆனால் சென்ற மாதம் கத்திவாக்கத்தில் பானெட் திறந்து நின்ற ஒரு குட்டியானை அருகே ஸ்கூட்டரை மெதுவாக்கி, இறங்காமலே, "ஏர் பாத்தியா?" என்று கேட்டவர் இதே ஜீப்காரர்தான். அது சி.என்.ஜி. வண்டி.

உண்மைக் கோளாறு எர்த்தில் இருந்தது. ஜீப்பில் மின்சாரம் பேட்டரியிலிருந்து வயரில் போய், உடம்பின் இரும்பு வழியே திரும்புகிறது. இன்ஜின் ரப்பர்மேல் உட்கார்ந்திருப்பதால் அதையும் உடம்பையும் ஒரு தட்டைப் பின்னல் செம்பு வயர் இணைக்கிறது. அதன் நுனியில், போல்ட்டுக்கு அடியில், விரல் நகம் அளவுக்குப் பச்சை பூத்திருக்கும். அதைச் சுற்றிலும் துரு இரும்பைத் தின்றிருக்கும். விளக்குக்கும் ஹாரனுக்கும் அந்தச் சந்து போதும். செல்ஃபுக்குப் போதாது. வழி கிடைக்காத மின்சாரம் சில சமயம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாயும். அதைத் தொட்டால் சுடும். சோதிக்க எளிய வழி: ஜம்பர் கேபிளில் ஒரு நுனியைப் பேட்டரியின் மைனஸிலும், மறுநுனியை இன்ஜின் உடம்பிலும் மாட்டிச் சாவியைத் திருப்புவது. சுற்றினால் குற்றவாளி எர்த்தான். பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, போல்ட்டை எடுத்து, இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். உப்பினால் வந்த துருவை எடுக்கும் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தவர் கடற்கரைக்காரராக இருக்கலாம். மொத்த வேலை 20 நிமிடம்.

நாலு மணி நேரம் ஏன் ஆயிற்று என்றால், ஒன்பதாவது ஆள் சொன்னபோது ஜீப்காரர் ஏர் எடுக்க ஆரம்பித்திருந்தார்.

ஏர் எடுக்கும் முறை: ஃபில்டர் தலையில் உள்ள ப்ளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வழியும்போது ஸ்க்ரூவை இறுக்கலாம். பிறகு பெரிய பம்பின் ஸ்க்ரூவிலும் அப்படியே. கடைசியாக நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்திச் செல்ஃபைப் போட்டால், டீசலோடு மிச்சக் காற்றும் வெளியேறும். செல்ஃப் சுற்றாத வண்டியில் இந்தக் கடைசிப் படி இல்லை. ஜீப்காரர் நான்கு நட்டையும் தளர்த்திய பிறகுதான் இதை உணர்ந்தார். அதோடு ஃபில்டரின் ஸ்க்ரூ இழை தேய்ந்திருந்ததால் திரும்ப இறுகவில்லை. அதுவரை காற்று துளியும் இல்லாதிருந்த குழாயில் இப்போது காற்று நிறைந்தது.

பதினொன்றரைக்கு எர்த் சரியாயிற்று. செல்ஃப் அழகாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

லாரித் தொழிற்சாலைக்காரர் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். டம்ளர் கையில் இருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். வலைக்காரரும் வந்தார். இருவரும் சேர்ந்து ஸ்க்ரூவில் நூல் சுற்றி இறுக்கி, நாசில் நட்டுகளை வரிசையாக முடுக்கி, 10 நிமிடத்தில் ஏர் எடுத்தார்கள். இன்ஜின் பிடித்தது. இவர்கள் சொன்னது காலை 7 மணிக்குத் தவறாக இருந்து பகல் 12 மணிக்குச் சரியானது என்பதை விளக்க ஜீப்காரர் எடுத்த முயற்சியை யாரும் வரவேற்கவில்லை. எல்லோருக்கும் டீ அவர் செலவு.

துரு தனித் தலைப்பு. ஆனால் சொல்ல அதிகமில்லை. வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் லாரியில் வரும் தெருவில் இந்தப் பரிந்துரையை வீட்டில் யாரிடம் வைப்பது என்பது மெக்கானிக் வேலையில் சேராது. ஸ்பிரிங் பட்டை, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் முனைகளில் உள்ள நிப்பிள்களுக்கு கிரீஸ் கன் வைத்துப் பழைய கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஓடிவந்து கழிமுகத்தையும் போட்டையும் வலையையும் கறுப்பாக்கியபோது, "ஜீப்புக்கு அடியில ஓசி கோட்டிங்" என்று ஒருவர் சொன்னார். சொன்னவருடைய வலை அந்த வாரம் முழுக்க எண்ணெயில் கிடந்தது. அதனால் சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

நான்கு சக்கர ஓட்டம். முன்சக்கர நடுவில் உள்ள ஹப்பைக் கையால் பூட்டி, தரையில் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டைக் கம்பியை இழுத்தால் முன் அச்சும் சேர்ந்துகொள்ளும். தார்ச்சாலையில் இதைச் சோதிக்கக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் ஓடுவதால் பல்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். சோதிக்க மணல் வேண்டும். மணலுக்குக் குப்பத்தில் பஞ்சமில்லை. ஆனால் இடதுபக்க ஹப் துருப்பிடித்துப் பூட்ட மறுக்கிறது. அதைக் கழற்ற 12-13 வேண்டும்.