எந்த வீட்டுல எடுத்திருக்கான்?

ஒக்கூர் டீக்கடையில் கொத்தனார் அண்ணனிடம் “படம் எப்படிண்ணே?” என்று கேட்ட யாருக்கும் இதுவரை கதை தெரிந்ததில்லை. “கானாடுகாத்தான்ல எடுத்திருக்கான்” என்பார். நாயகன் யார் என்பதெல்லாம் ஞாபகம் வந்தால் உண்டு.

செட்டிநாட்டு வீடுகளுக்கு மராமத்து பார்த்தே தலை நரைத்தவர். கோயம்புத்தூர் ஜமீன், மதுரை தாதா, தஞ்சாவூர் பண்ணையார் என்று திரையில் யார் குடியிருந்தாலும், தரையில் ஆத்தங்குடிக் கல்லும் நிலையில் பர்மா தேக்கும் அவர் கண்ணுக்குத் தப்பாது. “பொள்ளாச்சிங்கறான். பொள்ளாச்சியில ஏதுப்பா இந்தத் தூணு?” என்று ஆரம்பித்தால், கிளாஸில் டீ ஆறிவிடும்.

“அப்பங்காரன் கோவமா முகப்புல நுழையிறான். நுழைஞ்சா வளவுக்குத்தான வரணும்? இவன் வேற ஊரு வீட்டு மாடிப்படியில ஏறுறான். நடுவுல பதினஞ்சு கிலோமீட்டரு. கோவத்துல நடந்தே போயிட்டானா?”

இயக்குநரும் எடிட்டரும் இரவு பகலாக உட்கார்ந்து ஒட்டியதை இப்படி ஒரே வாயில் பிரித்துப் போட்டுவிடுவார். சென்னையில் சினிமா படித்த விமர்சகர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வளவு எந்தப் பக்கம் என்று தெரிந்த விமர்சகர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

நடிப்புக்கு மார்க் கிடையாது, சுவருக்கு உண்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சில், காதல் காட்சிக்குப் பூமாலை தொங்கவிட ஆணி அடித்திருந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணனும் துடைத்தார், வேறு காரணத்துக்காக. வில்லன் தூணைச் சுட்ட படத்துக்கு சைபர். ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு அந்தக் காலத்தில் 62.5 மார்க் போட்டதை யாரோ சொன்னபோது, “அந்த அரை மார்க்கு வீட்டுக்காகத்தான் இருக்கும்” என்றார். மயில் வீட்டில் அப்படி என்ன இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

காரைக்குடிப் பக்கம் சினிமா இப்போது வீடு பார்க்கத்தான் வருகிறது. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை ஏவி.எம். செட்டியார் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ வைத்து எடுத்தார். அதற்கப்புறம்தான் கோடம்பாக்கம் போனார். இதில் அண்ணனுக்கு இன்றுவரை வருத்தம். “செட்டியாரு இங்கனயே இருந்திருந்தா, மெட்ராஸ்காரன் நம்மகிட்ட வாடகை வாங்கியிருப்பான்” என்பார். அந்தக் கணக்கு எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

தியேட்டருக்கு அவர் போவது எப்போதாவதுதான். மற்ற படங்களுக்கு டிரெய்லர் போதும். வீடு அதிலேயே தெரிந்துவிடும். போன படங்களில் முதல் அளவுகோல் கடைசி பஸ். மூணு மணி நேரம் ஓடிய ‘இந்தியன் 2’ படத்தில் ரிலீசுக்கு அப்புறம் பன்னிரண்டு நிமிஷம் வெட்டினார்கள் என்றதும், “நான் போனப்ப வெட்டல. ஆட்டோக்காரன் முந்நூறு ரூவா வாங்கிட்டான். அதையும் சேத்துத்தான் படத்துக்குச் செலவு” என்றார். ‘கங்குவா’வின் சத்தத்துக்கு, இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார்.

‘மெய்யழகன்’ ஒன்றுதான் விதிவிலக்கு. தங்கச்சி மகன் போனில் காட்டினான். பங்காளித் தகராறில் பூர்வீக வீட்டை விட்டுத் தஞ்சாவூரிலிருந்து ஒரு குடும்பம் கிளம்புகிற காட்சி. எந்த வீடு என்று சொல்லப்போகிறார் என நாங்கள் காத்திருந்தோம். “பங்குக்காரன்ல ஒருத்தனாவது சாவிய வாங்கி வச்சிருக்கலாம்ல” என்றார், நிஜமான கோபத்தோடு. எத்தனை வீட்டுப் பூட்டு துருப்பிடித்ததைப் பார்த்தவரோ! அந்தப் படத்திலும் பதினெட்டு நிமிஷம் குறைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, “நீளம்னு எவன்டா சொன்னான்?” என்று எகிறினார். முதல் வாரத்தில் டிரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு “இழுவை” என்று சொன்னவர் அவர்தான்.

ராணுவ வீரர் கதையான ‘அமரன்’ வந்தபோது கடையில் தமிழ் வாத்தியார் இருந்தார். கணவனைப் போரில் இழந்த பிறகும் ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயை நம்ம ஊர் ஒக்கூர் மாசாத்தியார் சங்க காலத்திலேயே பாடிவிட்டார் என்று, புறநானூற்றில் எத்தனையாவது பாட்டு என்பது வரை சொல்லிப் பெருமைப்பட்டார்.

அண்ணன் நிமிர்ந்தார். “அப்ப இது ரீமேக்கா? அந்தம்மாகிட்ட உரிமை வாங்கினாய்ங்களா?”

வாத்தியார் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

2024 நவம்பரில், ‘கங்குவா’ வந்த சூட்டோடு, ரசிகர்களிடம் மைக் நீட்டும் யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்தில் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் செய்தியை நான் உரக்க வாசித்துவிட்டு, “உங்களுக்கும் நல்ல செய்திதான்ணே” என்றேன்.

“எனக்கென்னப்பா? படம் பாத்துட்டு வெளிய வர்றவனத்தான தடுக்கச் சொன்னாய்ங்க?”