வேட்டைநாய்க் குட்டியும் திரும்பி வராத பந்தும்: காணிப்பாக்க நோக்கில் ஓர் ஆய்வு

ஐந்து மாதக் கன்னி இன நாய்க்குட்டியின் முன் பந்தை எறிந்தால் நிகழ்வது இதுதான். குட்டி வில்லிலிருந்து விடுபட்டதுபோல் பாயும். பந்து உருளும் வரை அதற்கு உலகத்தில் வேறெதுவும் கிடையாது. பந்து நின்றதும் ஒருமுறை மோந்து பார்க்கும். பிறகு, கடன் கேட்க வந்த உறவினரைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலியோரம் போய்விடும். எறிந்தவரே நடந்துபோய்ப் பந்தை எடுத்துவர வேண்டும். குட்டிக்குப் புத்தி போதாது என்பர் ஒரு சாரார். புத்தி மிகுந்து திமிராகிவிட்டது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. என்னையெனின், இரு சாராரும் நாயை விசாரிக்கிறார்களே ஒழிய எறிந்த கையை விசாரிப்பதில்லை. எறிவதே பிழை என்பது இக்கட்டுரையின் துணிபு. இதை நிறுவ, சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் காணிப்பாக்கம் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலின் தலவரலாறு பலரும் அறிந்ததே. சகோதரர் மூவர், ஒருவருக்குப் பார்வை இல்லை, ஒருவருக்குச் செவி இல்லை, ஒருவருக்குப் பேச்சு இல்லை. மூவரும் சேர்ந்து ஒரு காணி நிலத்தில் பயிரிட்டுப் பிழைத்தார்கள். நீர் வற்றிய கிணற்றை ஆழப்படுத்தும்போது இரும்பு ஒரு கல்லில் பட்டு ரத்தம் பெருகிற்று. அக்கணமே மூவரின் குறையும் நீங்கிற்று. திரண்டு வந்த ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் காணியளவுக்குப் பரவியதால் ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். பக்தருக்கு முக்கியம் ரத்தம் பெருகிய கணம். ஆய்வாளனுக்கு முக்கியம் அதற்கு முந்தைய காலம். குறை நீங்கும் முன்பே அந்த நிலம் மூவருக்கும் சோறு போட்டிருக்கிறது. செவி இல்லாதவரைக் கூப்பிட்டு வேலை வாங்கியிருக்க முடியாது. பார்வை இல்லாதவரை இரவுக் காவலுக்கு நிறுத்தியிருக்க மாட்டார்கள். பந்தைக் கொண்டுவருவதும் இத்தகைய கூட்டு வேளாண்மைதான். விழுந்த இடத்தைக் காணக் கண், கவ்வ வாய், ‘வா’ என்றால் கேட்கக் காது. வேட்டைநாய்க் குட்டியிடம் மூன்றும் பழுதில்லாமல் இருக்கின்றன. ஆனால் கண் எழுந்தால் மற்ற இரண்டும் படுத்துவிடுகின்றன. நாம் எறியும் ஒவ்வொரு பந்தும் கண்ணை எழுப்பும் சேவல்.

நீண்ட முகம் கொண்ட நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடைமட்டப் பட்டையாக அடர்ந்திருப்பதையும், சப்பை முகம் கொண்டவற்றில் அவை நடுவே குவிந்திருப்பதையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். தொடுவானத்தை ஒரே வீச்சில் துழாவவும், அதில் எது அசைந்தாலும் பிடித்துக்கொள்ளவும் வாகான அமைப்பு அது. போதாக்குறைக்கு, நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் தெரியுமே தவிரச் சிவப்பும் பச்சையும் பிரியாது. புல்லில் நின்றுபோன சிவப்பு கிரிக்கெட் பந்து அதன் கணக்கில் காலமான பந்து. தென் மாவட்டக் கரிசல் காடுகளில் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்று தேர்ந்து வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் பிடித்ததோடு கடமை முடிந்தது. லாப்ரடாரின் பரம்பரை வேறு. துப்பாக்கி வந்தபின், சுட்ட பறவையைக் கசக்காமல் எடுத்துவர ஆள் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பிரபுக்கள் அதற்கென்றே நாயினங்களைப் பக்குவப்படுத்தினார்கள். தபால்காரரின் பேரன் செய்வதை ஓட்டப்பந்தயக்காரரின் பேரன் செய்யவில்லை என்று குறைசொல்வதில் நியாயம் இல்லை.

ஆகவே கண்ணைத் தூங்கவிட்டு வாயிலிருந்தும் காதிலிருந்தும் பாடத்தைத் தொடங்குக. ஒருபக்கம் அடைத்த வீட்டு நடை போதும். பல் விழுந்து முளைக்கும் வயதில் ஈறு நோகும். ஆகையால் பந்துக்குப் பதில் பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய பொதி. குட்டி அதைக் கவ்வியதும் ஒரு துண்டு வெந்த ஈரலைக் காட்டி வாங்கிக்கொண்டு, பொதியை அதனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தது திரும்பி வரும் என்பதைக் குட்டிக்கு முதலில் நிரூபித்தாக வேண்டுமல்லவா? (சீட்டுப் பிடித்து ஏமாந்தவர்களுக்கு இதை நிரூபிப்பது இன்னும் கடினம்.) அடுத்து, பொதியை இரண்டடி தள்ளி வைத்து எடுக்கவிடலாம். எடுத்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எதிர்த்திசையில் ஓட வேண்டும். குட்டியை நோக்கி ஓடினால் அது முயலாகித் தப்பிக்கப் பார்க்கும். விலகி ஓடினால் நாம் முயல். விரட்டாமல் அதனால் இருக்க முடியாது. வாயில் இருப்பதோடேயே வந்து சேரும். இவையெல்லாம் படிந்த பிறகுதான் எறிதல். அதுவும் நீலத்துணி, வேளைக்கு மூன்றே தடவை. நான்காவதில் குட்டிக்குச் சலித்துவிடும், நமக்கு ஆசை வந்துவிடும்.

ஓடப் பிறந்ததை நடையில் அடைக்கலாமா என்பார்க்கு விடை எளிது: ஓட்டம் தனி, பாடம் தனி. கொண்டுவராவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பதே வலுவான தடை. அதைப் பாதி ஒப்புக்கொள்ளலாம்; பந்து இல்லாமல் எந்தக் குடியும் முழுகாது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முயல் வேட்டை குற்றம். நெடுஞ்சாலைக்கும் குட்டிக்கும் நடுவில் பல ஊர்களில் வேலியும் இல்லை. பாய்ந்து போகும்போதும் தன் பெயர் காதில் விழுகிற நாய்தான் உயிரோடு வீடு திரும்பும். துணிப்பொதி அந்தக் காதைத் திறக்க ஒரு சாக்கு.

கடைசித் தடை நேர்ச்சாட்சிகளிடமிருந்து வருவது: ‘எங்கள் கன்னி முதல் நாளே பந்தைக் கொண்டுவந்தது, நாங்கள் எறியத்தான் எறிந்தோம்.’ இதற்கும் காணிப்பாக்கமே கதி. வழக்கில் சிக்கியவர்கள் அங்கே திருக்குளத்தில் மூழ்கி எழுந்து விநாயகர் முன் சத்தியம் செய்வது பழைய வழக்கம். மூழ்கும் முன்பே உண்மையை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு என்பது ஊர்ப்பேச்சு. மேற்படி நாய்க்காரர்களைக் குளக்கரையில் நிறுத்தினால் முதல் படியில் ‘கொண்டுவரும்’ என்பது ‘வாயில் எடுக்கும்’ என்று திருந்தும். இரண்டாம் படியில் ‘மோந்து பார்க்கும்.’ கால் நனையும்போது, பந்து அண்டை வீட்டு லாப்ரடாருடையது என்பதும், கொண்டுவந்ததும் அதுவே என்பதும் தெரியவரும்.