புத்தகத்தில் பெட்ரோல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்தவர்கள் இரண்டே வகை: பணக்காரர்கள், டீசலுக்கு மாறப்போகிறவர்கள். என் அப்பா முதல் வகையில் ஒருநாளும் இருந்ததில்லை. வளைகுடாச் சண்டையை ஒட்டிப் பெட்ரோல் விலை ஏறியபோது டீசல் அதில் பாதிக்கும் கீழே விற்றது. எங்களுடையது 1978 மாடல், மார்க்-3. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அப்பா ஒரு சின்ன நோட்டில் எழுதி வருவார். அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது திட்டு விழும்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மெட்டடார் வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் கிடைக்கும். அதை வாங்கி, மவுண்டிங்கை வெட்டி வெல்டு வைத்து, அம்பாசடருக்குள் இறக்கித் தரும் மேஸ்திரிகள் ஊரில் இருந்தார்கள். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ரேஸ் காரே செய்துவிட்ட ஊர் இது. ஒரு வண்டியில் அந்த வண்டியின் எஞ்சின்தான் இருக்க வேண்டும் என்ற மூடநம்பிக்கை இங்கே யாருக்கும் கிடையாது.

அப்பாவும் ஒரு மேஸ்திரியிடம் மாற்றிக்கொண்டார். புது எஞ்சினின் கனத்தில் வண்டியின் முன்பக்கம் குனிந்துவிட்டது. மேஸ்திரி டார்ஷன் பாரை முறுக்கி நிமிர்த்தினார். நிமிர்ந்தது, ஆனால் உதறல் போகவில்லை. சிக்னலில் நின்றால் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கிற பஸ் இரண்டாகத் தெரியும். மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது பின்னால் செங்கல் சூளை. ஸ்கூட்டர்காரர்கள் திட்டுவது மட்டும் உள்ளே கேட்காது. எஞ்சின் சத்தம் அதை மறைத்துவிடும்.

எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அப்போதும் அதைத்தான் சொன்னது. அப்படி எழுதி வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் புத்தகத்தில் எரிபொருள் ‘பெட்ரோல்’. அசல் எஞ்சின் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புகைச் சான்றிதழ் வந்தது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி: பெட்ரோல் காராக இருந்தால் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; டீசலாக இருந்தால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து, வரும் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்க வேண்டும், அளவு 65. இரண்டுக்கும் வெவ்வேறு மெஷின்.

பெட்ரோல் பங்க் ஓரமாக ஓர் ஆம்னி நிற்கும். உள்ளே ஒரு பையன், ஒரு மெஷின், ஒரு பில் புத்தகம். எங்கள் வண்டி தடதடவென்று உதறிக்கொண்டே போய் நின்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“டீசலுங்களாண்ணா?”

“புஸ்தகத்தப் பாரு தம்பி” என்றார் மேஸ்திரி.

பார்த்தான். பெட்ரோல். அவனிடம் இருந்ததும் பெட்ரோல் மெஷின்தான். குழாயைச் சைலன்சருக்குள் செருகினான். முள் அசையவே இல்லை. மெஷினைத் தட்டிப் பார்த்தான், குழாயை எடுத்து மறுபடி செருகினான். அப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. அன்றைக்கு அந்த ஆம்னிக்கு வந்த வண்டிகளிலேயே சுத்தமான வண்டி எங்களுடையதுதான்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் தேவைக்குப் பல மடங்கு காற்றை இழுத்துக்கொள்கிறது. எரிப்பதோ சொட்டு டீசல். கார்பன் மோனாக்சைடு பெரிதாக உண்டாக அங்கே வழி கிடையாது. அதன் பாவமெல்லாம் கரியில், அதுவும் பாரம் ஏற்றி மிதிக்கும்போது. அந்த மெஷினுக்குக் கரி தெரியாது. தெரிந்தது அதன் ஃபில்டருக்கு மட்டும்தான். பையன் அதைக் கழற்றிப் பார்த்து, “கருத்துப் போச்சுங்ணா” என்று இன்னொரு பத்து ரூபாய் கேட்டான். மேஸ்திரி கொடுத்தார். நியாயமான கோரிக்கைதான்.

வினை பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சின் நம்பரைப் பார்ப்பார். எனவே டீசலை இறக்கிவிட்டு, கொட்டகையிலிருந்து அசல் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டினார்கள். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்த அந்த நாளில், புகைச் சான்றிதழில் வண்டி தோற்றது. ஐந்து சதவீதத்துக்கு மேல். தேய்ந்த கார்புரேட்டர், நாள்பட நின்ற எஞ்சின், வேறெப்படி இருக்கும்? மேஸ்திரி அவிநாசி சாலையில் ஒரு நடை ஓட்டிச் சூடாக்கினார், ஏர் கிளீனரைக் கழற்றினார், மிக்ஸர் திருகைப் பெட்ரோல் குறையும் பக்கமாக முறுக்கிக்கொண்டே போனார். எஞ்சின் திக்கி, இருமி, அணையப் போகும் இடத்தில் விரலை எடுத்தார். அந்த நிலையில் வண்டி பங்க் வாசலைக்கூடத் தாண்டாது, ஆனால் 3க்குள் வந்துவிட்டது. சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே திருகைப் பழையபடி திருப்பிவிட்டார். ஊரில் பாதிப் பேர் வண்டியையே கொண்டுபோகாமல் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய காலம் அது. அவர்களோடு ஒப்பிட்டால் நாங்கள் உழைத்து வாங்கினோம்.

அதன்பின் டீசல் திரும்ப ஏறியது. 2003இல் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரி வந்தது. அப்பா முணுமுணுக்காமல் கட்டினார். புகைக்கும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது என்பது அவர் கணக்கு.

இப்போது அப்பாவும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. வண்டி என்னிடம் இருக்கிறது. தொழில் மேஸ்திரியின் மகனிடம். அவரிடம் லேப்டாப் இருக்கிறது, சொந்தமாகவே ஒரு கேஸ் அனலைசரும் இருக்கிறது. 2019 ஜனவரியில், கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷத்துச் சட்டத் திருத்தம் மாசுக்கான அபராதத்தைப் பத்தாயிரம் ரூபாய் வரை உயர்த்தியது. போதும் என்று டீசலை இறக்கிவிட்டேன். அசல் எஞ்சினை போரிங் செய்து, புது பிஸ்டன் போட்டு, உத்தரபாரா தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஆக்கினோம். ரியர்வியூ கண்ணாடியில் இப்போது ஒரு பஸ் ஒரே பஸ்ஸாகத்தான் தெரிகிறது.

கார்புரேட்டர் மட்டும் அப்பா காலத்துக் குணத்தை விடவில்லை. மேஸ்திரி மகன் கடையிலேயே பிடித்துப் பார்த்தார்: ஐந்துக்குக் கிட்டே. புது வண்டிகளுக்கு 0.3தான் வரம்பு, எங்கள் வயசுக்கு இன்னும் அந்தப் பழைய 3 சலுகை. “அப்பா வித்தையக் காட்டிரலாம்ங்ணா” என்று திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

புகைப் பரிசோதனை மையம் இப்போது ஏ.சி. இல்லாத சின்ன அலுவலகம் மாதிரி இருக்கிறது. நம்பரை மட்டும் கொடுத்து வாங்குகிற வேலை நடக்காது. 2024 முதல் ஜிபிஎஸ் உள்ள செல்போனில் வண்டியையும் நம்பர் பிளேட்டையும் படம் எடுத்தாக வேண்டும். வண்டி என்ன, எந்த வருஷம், என்ன எரிபொருள் என்று அரசாங்கத்தின் வாகன் பதிவே சொல்லிவிடும். ஏமாற்ற இடமே இல்லை. அங்கிருந்த தம்பி நம்பரைத் தட்டினார். பிறகு கேஸ் அனலைசரை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பக்கத்து மெஷினை இழுத்தார்.

“தம்பி, இது பெட்ரோல் வண்டி.”

“சிஸ்டத்துல டீசல்னு வருதுங்ணா.”

பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றிய காலத்தில் யாரோ ஒருவர் அம்பாசடர் என்றால் டீசல்தானே என்று தட்டிவிட்டிருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க்கைத் திறந்து காட்டினேன். மோந்து பார்த்தார், தலையாட்டினார், ஒப்புக்கொண்டார். “என்னால மாத்த முடியாதுங்ணா” என்றார். சொன்னபடி ஆக்சிலேட்டரை மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். கறுப்புப் புகையைத் தேடும் மெஷினுக்கு என் எஞ்சின் கக்கிய கார்பன் மோனாக்சைடு கண்ணில் படவே இல்லை. இப்போதைய அலகில் வரம்பு 2.45, எங்களுக்குப் புள்ளிக்குப் பிறகும் ஒரு பூஜ்யம். திருப்புளி பையை விட்டு வெளியே வரவில்லை. பளபளவென்று, படத்தோடு, கியூஆர் கோடோடு சான்றிதழ் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். பதிவைத் திருத்தப் போனேன். எரிபொருள் மாற்றமா, அப்படியானால் மாற்றுவதற்கு முன்அனுமதி எங்கே என்று கேட்டார்கள். மாற்றவில்லை, பிறந்ததிலிருந்தே பெட்ரோல் என்றேன். அப்படியானால் டீசல் என்று எப்படி வந்தது என்றார்கள். இந்தக் கேள்விக்கு முழு உண்மையைச் சொல்வது எந்த வகையிலும் எனக்கு நல்லதல்ல என்பதால் பேசாமல் திரும்பிவிட்டேன்.

மேஸ்திரி மகனிடம் புலம்பினேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“அந்த மெட்டடார் எஞ்சின் நம்ம கடைலதான் கெடக்குதுங்ணா. மாட்டிட்டா ரெக்கார்டு சரியாயிருமில்லீங்?”

மாட்டுக்கூலி எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறேன்.