சந்நியாசம் வாங்கிய கைப்பேசி

வயது ஏற ஏற மனிதன் உலகத்துப் பற்றுகளை ஒவ்வொன்றாக உதறிவிட்டு, கடைசியில் கட்டிய துணியும் கையில் கமண்டலமுமாக நிற்க வேண்டுமென்று நம் பெரியோர்கள் காலங்காலமாக உபதேசித்து வந்திருக்கிறார்கள். அந்த உபதேசத்தைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். கேட்டபடி நடந்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கு ஒரு பற்றாக, அட்சரம் பிசகாமல் அதை அனுஷ்டித்து வருகிற ஜீவன் ஒன்று என் சட்டைப் பையிலேயே வாசம் செய்கிறது. சாம்சங் கம்பெனியாரின் கேலக்ஸி வம்சத்தில், ‘அல்ட்ரா’ என்ற பட்டத்துடன் பிறக்கிற மூத்த வாரிசைத்தான் சொல்கிறேன்.

இந்த வம்சத்தின் துறவறச் சரித்திரத்தை 2015-ஆம் ஆண்டு வந்த எஸ்6 என்ற மாதிரியிலிருந்து தொடங்குவது முறை. அதற்கு முந்திய எஸ்5-இன் முதுகை நகத்தால் நெம்பினால் மூடி கையோடு வந்துவிடும்; பாதி வழியில் உயிரை விட்ட போனுக்கு வேறு பாட்டரி போட்டு, அந்த இடத்திலேயே எழுப்பி உட்கார வைத்துவிடலாம். எஸ்6 அந்த மூடியை நிரந்தரமாக அடைத்துக்கொண்டு, பாட்டரி மாற்றுகிற சுகத்தையும் மெமரி கார்டு போடுகிற சுகத்தையும் ஒரே மூச்சில் துறந்தது. மறு வருஷம் வந்த எஸ்7, புதிதாகக் காஷாயம் கட்டியவர்களுக்கு வழக்கமாக உண்டாகிற சபலத்தினாலோ என்னவோ, மெமரி கார்டை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டு, அதற்குப் பிராயச்சித்தம் போல, தொலைக்காட்சிப் பெட்டிக்கு ரிமோட்டாக உதவி வந்த அகச்சிவப்பு விளக்கை விட்டது. 2019-இல் பங்காளி வரிசையைச் சேர்ந்த நோட் 10-உம் அடுத்த வருஷம் எஸ்20-உம் காதுக் கம்பியைச் செருகுகிற துவாரத்தை விட்டொழித்தன. 2021 ஜனவரியில் அவதரித்த எஸ்21, மெமரி கார்டை மறுபடியும், இம்முறை திரும்பிப் பாராமல் துறந்ததோடு, பெட்டிக்குள் கூடவே வந்துகொண்டிருந்த சார்ஜரையும் வாசலோடு நிறுத்திவிட்டது.

இதிலே ரசமான அம்சம் ஒன்று உண்டு. ஆப்பிள் கம்பெனியார் 2016-இல் ஐபோன் 7-இன் காதுத் துவாரத்தை அடைத்தபோது, சாம்சங் கம்பெனியார் அதை விளம்பரம் போட்டுப் பரிகசித்தார்கள். மூன்று வருஷத்தில் தாங்களும் அடைத்தார்கள். 2020 அக்டோபரில் ஆப்பிள் தன் பெட்டிகளிலிருந்து சார்ஜரை எடுத்தபோது, எங்கள் பெட்டியில் அது உண்டு என்று பொருள்படச் சமூக வலைத்தளத்தில் ஒரு படத்தைப் போட்டார்கள். சில மாதங்களுக்குள் படமும் மறைந்தது, சார்ஜரும் மறைந்தது. பக்கத்து மடத்துச் சாமியார் உப்பில்லாமல் உண்பதைக் கண்டு சிரித்தவர், அடுத்த ஏகாதசியிலிருந்து தாமும் உப்பை விட்டாரென்றால், அதை அசூயை என்பதா, ஞானம் என்பதா?

என்னிடம் இருந்தது எஸ்24 அல்ட்ரா. 2024 ஜனவரி 17-ஆம் தேதி கலிபோர்னியா மாகாணத்து சான் ஹோசே நகரில் வெகு விமரிசையாக உலகத்துக்கு அறிமுகமான கருவி அது. மறு வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி, அதே நகரத்தில், அதற்குத் தம்பியாக எஸ்25 அல்ட்ரா பிறந்தது. இந்தியாவில் இரண்டுக்கும் தொடக்க விலை ஒன்றேதான்: 1,29,999 ரூபாய். இரண்டுக்கும் டைட்டானியச் சட்டம். இரண்டுக்கும் 20 கோடிப் புள்ளிகளைப் பதிகிற பிரதான காமிரா. பாட்டரியின் கொள்ளளவும், அதை நிரப்புகிற வேகமும்கூட ஒன்றே. வித்தியாசமே இல்லையா என்று கேட்பீர்களானால், இருக்கிறது. திரை 6.8 அங்குலத்திலிருந்து 6.9 ஆயிற்று, மூளை புதியது, அகலக் காமிரா 12 மெகாபிக்சலிலிருந்து 50-க்கு உயர்ந்தது, உள்ளங்கையைக் குத்திக்கொண்டிருந்த மூலைகள் சற்றே வளைந்து கொடுத்தன. இவையெல்லாம் உப விசேஷங்கள். என் மனத்தைக் கொள்ளை கொண்டது எடைதான். அண்ணன் 232 கிராம். தம்பி 218 கிராம். தவத்தால் மேனி மெலிந்த ரிஷிகுமாரனைப் போல அது விளம்பரத்தில் நின்ற கோலத்தைக் கண்டதும், கையிலிருந்த பழைய போன் எனக்குத் திடீரென்று கனக்கத் தொடங்கியது. முதல் நாள் வரையில் கனக்காத பொருள் மறுநாள் கனப்பதற்குப் பௌதிக சாஸ்திரத்தில் காரணம் கிடையாது. மனோதத்துவத்தில் தேடினால் கிடைக்கலாம்.

அந்தச் சமயத்தில் என் இல்லத்தரசியார் பேப்பரும் கையுமாக இருந்தார். தங்கம் சவரன் அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டிய மாதம் அது. எங்கள் வீட்டில் அந்தச் செய்தி ஒரு துக்கச் செய்திக்குரிய கௌரவத்துடன் உரக்க வாசிக்கப்பட்டது.

“ஏங்க, இப்ப இருக்கிற போனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று அவர் கேட்டார்.

“பதினாலு கிராம் குறைச்சல்” என்றேன், உண்மையைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாதென்ற விரதத்துடன்.

“பதினாலு கிராம்னா ஒண்ணே முக்கால் சவரன். இந்தக் காசுக்கு நகைக் கடைக்குப் போனா ரெண்டு சவரன் குடுத்து அனுப்புவான். நீங்க என்னடான்னா, காசையும் குடுத்து ஒண்ணே முக்கால் சவரன் எடையையும் அவன்கிட்டயே விட்டுட்டு வரேங்கிறீங்க!”

தர்க்கத்தில் நான் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன். தங்கம் லௌகிகப் பொருள். இதுவோ துறவு மார்க்கம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது அபசாரம் என்று விளக்கினேன். அதே வருஷம் அக்டோபரில் சவரன் விலை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியபோது பேப்பரை அவருக்கு முன்னால் எழுந்து எடுத்து மறைத்து வைத்தேன் என்பது வேறு விஷயம்.

என் மகன் எழுப்பிய ஆட்சேபம் வேறு வகையானது. எஸ்24-ஐ வெளியிட்டபோதே கம்பெனியார் அதற்கு ஏழு வருஷத்துக்கு மென்பொருள் புதுப்பிப்புகள் உண்டென்று வாக்களித்திருந்தார்கள். அதாவது 2031 வரையில் அதற்கு நரை திரை மூப்பு இல்லை. மார்க்கண்டேயனுக்குக் கிடைத்த வரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்படிப்பட்ட சிரஞ்சீவியை ஒரு வயதில் வீட்டை விட்டு அனுப்புவது நியாயமா என்றான். நியாயம் பேசுகிற அவன் கையில் இருந்தது, முந்தைய வருஷம் நான் கழித்துக் கட்டிய போன். எனக்குப் புதிது வந்தால்தான் அவனுக்கும் ஒரு படி ஏற்றம் என்பது நினைவுக்கு வந்ததும் ஆட்சேபத்தை வாபஸ் பெற்றுக்கொண்டான்.

என் தகப்பனார் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. விண்ணப்பம் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்தக் கறுப்புத் தொலைபேசி தபால் தந்தி இலாகாவின் சொத்து. அதன் எடை எத்தனை கிராம் என்று யாரும் கேட்டதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமென்ற ஆசை யாருக்கும் வராதபடி இலாகாவினர் அதைச் சுவரோடு கட்டி வைத்திருந்தார்கள்.

கடைக்குப் போனேன். பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குகிற எக்ஸ்சேஞ்ச் என்ற ஏற்பாட்டில், புதுப் போனை நமக்கு விற்கிற இளைஞரும் பழைய போனை நம்மிடம் வாங்குகிற இளைஞரும் ஒருவரேயாயினும், இரண்டு காரியங்களுக்கும் அவர் இரண்டு முகங்களை வைத்திருக்கிறார். “எஸ்25-ன்னா வேற லெவல் சார்” என்று பூரித்த அதே முகம், என் எஸ்24-ஐக் கையில் வாங்கியவுடன், இழவு வீட்டுக்கு வந்த தூரத்து உறவினரின் முகமாயிற்று. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “டிஸ்பிளேல லைட்டா ஸ்க்ராட்ச் இருக்கு சார். பாடில ஒரு டென்ட். பாக்ஸ் இருக்கா? பில் இருக்கா?” இருந்தன, பெட்டியைப் பரணில் பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தி வைக்கிற வம்சத்தில் வந்தவன் நான். அப்படியும் அவர் சொன்ன தொகை, போன வருஷம் நான் கொடுத்ததில் பாதிக்கும் வெகு தூரம் கீழே கிடந்தது. அந்தத் தொகையைக் கேட்ட பிறகு எனக்குப் பழைய போன் மீது திடீரென்று ஒரு வாத்ஸல்யம் பொங்கிற்று. கொடுப்பதற்கில்லை என்று அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதியதைத் தவணையில் வாங்கினேன். வட்டியில்லாத் தவணை என்றார்கள். வட்டி இல்லைதான், பிராசஸிங் ஃபீஸ் என்றொன்று இருந்தது, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் இருந்தது. ஊர்சுற்றித் திரிகிற துறவிகளைவிட மடத்தில் அமர்ந்த துறவிகளுக்குப் பராமரிப்புச் செலவு அதிகம் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, ஸ்மார்ட் ஸ்விட்ச் என்ற செயலியைத் திறந்தால், சித்தர்கள் கஷ்டப்பட்டுச் சாதித்த கூடுவிட்டுக் கூடு பாய்கிற வித்தை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறது. பழையதில் இருந்த சர்வமும் புதியதற்குள் குடியேறின: ஆயிரக்கணக்கான ‘இனிய காலை வணக்கம்’ படங்கள், கரண்ட் மீட்டரின் புகைப்படங்கள், ‘பிளம்பர் புது ஆள்’, ‘பிளம்பர் பழைய ஆள்’, ‘பிளம்பர் எடுக்காதே’ என்ற பெயர்களில் பதிந்திருந்த எண்கள், எதற்காக எடுத்தேன் என்று எனக்கே விளங்காத ஸ்க்ரீன் ஷாட்டுகள். முகப்புப் படமும் அதே முருகன். எல்லாம் முடிந்து கையில் எடுத்துப் பார்த்தபோது, லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளுக்கும் மேஜை மேல் கிடந்த பொருளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பூர்வ ஜன்ம வாசனை அவ்வளவு லேசில் விடுவதில்லை.

பணம் சம்பந்தப்பட்ட செயலிகள் மட்டும் ஆன்மாவின் நித்தியத்துவத்தில் நம்பிக்கை இல்லாத நாஸ்திகர்கள். அவை இந்த ஜன்மாந்தர உறவை ஒப்புக்கொள்ளவில்லை. நீ யார், உன் சிம் கார்டு எங்கே, அதிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போகட்டும், டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களைச் சொல் என்று குறுக்கு விசாரணை செய்துவிட்டு, புதுக் கருவி என்கிறபடியால் கொஞ்ச காலத்துக்குச் சில ஆயிரங்களுக்கு மேல் அனுப்ப முடியாதென்றும் தீர்ப்பளித்தன. லட்சாதிபதிக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாடகையை அனுப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வாடகையை என் மனைவி, பதினான்கு கிராம் அதிகம் கனக்கிற அந்தப் பழைய போனில் தம் சிம் கார்டைப் போட்டுக்கொண்ட பிறகும், பாங்குக்கே நேரில் நடந்து போய்க் கட்டிவிட்டு வந்தார்.

ஆம், பழைய போன் அவருக்குப் போயிற்று. மகனுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

இனி அந்தப் பதினான்கு கிராம் என்னவாயிற்று என்று சொல்ல வேண்டும். டைட்டானியம் என்பது ஆகாய விமானங்களுக்கும் எலும்பு ஒட்டுகிற வைத்தியத்துக்கும் பயன்படுகிற உத்தம உலோகம். அந்த உலோகத்தைக் கண்ணால் பார்த்து அனுபவித்தவர் யாராவது உண்டா? பெட்டியிலிருந்து வெளியே வந்த மறு நிமிஷமே அதற்கு ஒரு பிளாஸ்டிக் கவசம் சாத்தப்படுகிறது. முகத்துக்கு ஒரு கண்ணாடித் திரை. இந்தப் போனைக் காந்தத்தால் ஒட்டிச் சார்ஜ் செய்கிற புதுமுறையில் பிரயோகிக்க வேண்டுமானால் உள்ளே காந்தம் கிடையாது, காந்த வளையம் வைத்த கவரைத் தனியாக வாங்க வேண்டும். வாங்கினேன். என் பழைய கவர் சாதாரண ரப்பர் உறை. இதுவோ நாலு மூலையிலும் கோட்டைக் கொத்தளங்கள் கட்டி, நடுவில் சக்கரம் பதித்த ராஜகவசம். தென் கொரியாவில் எத்தனையோ எஞ்சினீயர்கள் மூளையைக் கசக்கிக் கழித்த எடையை, சென்னையில் ஒரு கவர் கடைக்காரர் அரை நிமிஷத்தில் ஒட்டி அனுப்பிவிட்டார்.

காமிராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 கோடிப் புள்ளிகள் என்று சொன்னேனல்லவா? சாதாரணமாக எடுக்கிற படத்தில், பதினாறு பதினாறு புள்ளிகளாகச் சேர்த்து ஒன்றாக்கி, ஒன்றேகால் கோடியாகச் சுருக்கித்தான் அது நமக்குக் கொடுக்கிறது. அதை நான் வாட்ஸப்பில் என் தங்கைக்கு அனுப்பும்போது வாட்ஸப்பும் தன் பங்குக்குச் சுருக்குகிறது. தங்கை அதைத் தன் கீறல் விழுந்த திரையில், மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டு, “அண்ணா, யார் இது?” என்று கேட்கிறாள்.

எல்லாவற்றிலும் பெரிய துறவை இதுவரையில் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்த அல்ட்ரா வம்சத்துக்கு ஒரு பேனா உண்டு. போனின் அடிவயிற்றில் செருகிக் கிடக்கும். 2018-இல் நோட் 9 காலத்திலிருந்து அந்தப் பேனாவுக்கு ப்ளூடூத் என்கிற திவ்ய சக்தி வாய்த்திருந்தது. போனை எட்டத்தில் வைத்துவிட்டு, பேனாவின் பொத்தானை அமுக்கினால் படம் எடுக்கும். எஸ்25 அல்ட்ராவில் அந்தச் சக்தி பறிபோயிற்று. இப்போது அது எழுதுவதற்கு மட்டும் ஆன பேனா. உபயோகிக்கிறவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று கம்பெனியார் காரணம் சொன்னார்கள். எஸ்24-ஐ வைத்திருந்த காலம் முழுவதும் நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை; ஆயினும் அது இல்லையென்று தெரிந்த அன்று, பூர்வீகச் சொத்தில் பாத்தியதை போனவனைப் போலச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

சென்ற சித்திரையில் மனைவியின் பெரிய மாமாவுக்குச் சதாபிஷேகம். பந்தி முடிந்து, கூலிக்கு வந்த போட்டோக்காரர் புறப்பட்டுப் போன பிறகு, குடும்பத்தார் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று மாமா ஆசைப்பட்டார். புதுப் போன்காரன் என்ற முறையில் நான் எழுந்து, எல்லோரையும் வரிசைப்படுத்தி, எதிரே போய் நின்றேன். “நீங்க இல்லாம எப்படி மாப்பிள்ளை?” என்றார் மாமா. அதற்குள் என் மனைவி தம் போனைப் பன்னீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு வந்து, என்னையும் இழுத்து உட்கார வைத்து, மாமிக்குப் பக்கத்தில் சாவதானமாக அமர்ந்து பொத்தானை அமுக்கினார். ஒன்றுக்கு நாலாகப் படம் விழுந்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான அந்த அபூர்வ ஜனங்களில் ஒருவர் இத்தனை நாளாக என் வீட்டுச் சமையலறையில் இருந்திருக்கிறார்.

மாமா என் கையிலிருந்த போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பேனாவையும் உருவினார், அமுக்கினார், மறுபடியும் அமுக்கினார்.

“உங்க பேனா எடுக்கலியே மாப்பிள்ளை?”

“எடுக்காது மாமா” என்றேன். “இது புது மாடல்.”