இருசெவித் துடிப்பு மீமாம்சை

சாஸ்திரம் எதுவாயினும் அதனைத் தொடங்குமுன் அதற்குரிய அதிகாரி யார், விஷயம் யாது, பிரயோஜனம் என்ன, இவற்றுக்குள் சம்பந்தம் எத்தகையது என்னும் நான்கினையும் நிர்ணயித்துக்கொள்வது முன்னோர் வகுத்த முறையாதலின், விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு தியானத்துக்குரிய பைனாரல் பீட் என்னும் இருசெவித் துடிப்பை இல்லத்திலேயே இயற்றிக்கொள்ளும் கலையை ஆராயப் புகுந்த நாமும் அம்முறையினின்று வழுவோம். ஒரு கணினியும், பழுதற்ற இரு காதுகளும், ஒரு ஹெட்ஃபோனும், "கண்ணை மூடிக்கொண்டு என்னதான் கேட்கிறீர்கள்?" என்று வீட்டார் வினவுங்கால் மௌனம் காக்கும் வைராக்கியமும் உடையவனே இதற்கு அதிகாரி. பிரயோஜனம் மனச்சாந்தி. சம்பந்தம் விவாதத்துக்குரியதாகையால் அது பின்னர் ஆராயப்படும்.

விஷயமாவது: இடச் செவியில் 200 ஹெர்ட்ஸ் அதிர்வுடைய நாதமொன்றையும் வலச் செவியில் 210 ஹெர்ட்ஸ் அதிர்வுடைய மற்றொன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் செலுத்தினால், கேட்பவன் விநாடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் ஒரு துடிப்பை உணர்வான். அத்துடிப்பு இடப்புற ஒலியிலும் இல்லை, வலப்புற ஒலியிலும் இல்லை. இரு செவிகளின் செய்திகளும் முதன்முதல் சந்திக்கும் மூளைத்தண்டிலேயே அது ஜனிக்கிறது. நாதங்கள் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழும், அவற்றின் வித்தியாசம் சுமார் 30 ஹெர்ட்ஸுக்குள்ளும் அமைதல் வேண்டும். மீறினால் இரண்டும் பிணக்குற்று, தனித்தனி ஒலிகளாகவே கேட்கும்.

இதனை முதலிற் கண்டறிந்தவர் ஹைன்ரிச் வில்ஹெல்ம் டோவ் என்னும் பிரஷ்ய விஞ்ஞானி, ஆண்டு 1839. காற்றின் போக்கையும் மழையின் நடையையும் ஆராய்வதையே பெருந்தொழிலாகக் கொண்டிருந்த அப்பெரியார், இதனால் மனச்சாந்தி கிட்டும் என்று எங்கும் விளம்பரம் செய்தாரில்லை. 1973-இல் ஜெரால்டு ஆஸ்டர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரையே, நூறாண்டுக்கு மேலாக ஓரத்தில் கிடந்த இவ்விஷயத்தை அறிஞருலகின் நடுவீட்டுக்குக் கொணர்ந்தது. அதற்கு ஈராண்டுகளுக்குப் பின் ராபர்ட் மன்றோ என்னும் அமெரிக்கர் ஒலியால் உறக்கம் வருவிக்கும் முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இருசெவித் துடிப்பை எவரும் இல்லத்திலேயே இயற்றிக்கொள்ளுமாறு பொதுவாக்கிய புண்ணியமோ இலவச மென்பொருளைச் சாரும்.

இனிப் பிரயோக காண்டம். ஆடாசிட்டி என்பது 2000-ஆம் ஆண்டு முதல் உலகோர்க்கு விலையின்றி வழங்கப்பட்டுவரும் மென்பொருள். அதில் 'ஜெனரேட்' என்னும் பட்டியலைத் திறந்து, 'டோன்' என்பதைத் தேர்ந்து, அலைவடிவம் சைன் என்றும், அதிர்வெண் 200 என்றும், வீச்சு 0.8 ஆகுக என்று அதுவே முன்வந்து கூறும் யோசனையை விநயத்துடன் மறுத்து 0.2 என்றும், காலம் முப்பது நிமிடம் என்றும் குறித்தால் முதல் டிராக் பிறக்கும். இரண்டாவதைப் படைக்குமுன் முதலாவதைத் தேர்வினின்று விடுவித்தல் அவசியம். இன்றேல் தம்பி பிறக்கும்போதே தமையனை விழுங்கிவிடுவான். 210 என்று இரண்டாவதை உண்டாக்கியபின், ஒவ்வொரு டிராக்கின் ஓரத்திலுமுள்ள 'பான்' குமிழை ஒன்றில் இடக்கோடிக்கும் மற்றதில் வலக்கோடிக்கும் நகர்த்தி, தொடக்கம் மெல்ல வளரவும் முடிவு மெல்லத் தேயவும் செய்து, வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்க. முப்பது நிமிடத்துச் சாந்தி கணினியில் சுமார் 300 மெகாபைட் இடங்கொள்ளும். வெறும் நாதம் வறட்சியாகத் தோன்றுவோர்க்கு வெள்ளை, இளஞ்சிவப்பு, பிரௌனியன் என மூவகை இரைச்சல்களையும் அம்மென்பொருளே வழங்கும். இவற்றுள் எது சாத்விகம் என்பதில் சாதகரிடையே இன்னும் ஒருமைப்பாடு ஏற்படவில்லை.

ஈண்டுப் பூர்வபட்சி ஒருவன் எழுந்து, "ஹெட்ஃபோன் எதற்கு? ஒலிபெருக்கியில் வைத்தாலும் துடிப்புக் கேட்கிறதே" என்பான். கேட்கும், ஆனால் அது வேறு துடிப்பு. இரண்டு நாதங்களும் காற்றிலேயே கலந்துவிடுதலால் உண்டாகும் அதனை, தம்புராவுக்குச் சுருதி கூட்டுவோர் யாவரும் அறிவர்; அது மறையும் கணத்திலேதான் தந்திகள் இணைந்தன என்று அவர் கொள்வர். அது வெளியிலுள்ளது, அனைவர்க்கும் பொது. நாம் ஆராய்வதோ கேட்பவன் ஒருவனுக்கே உரியது என்பது சித்தாந்தம்.

எஞ்சியது சம்பந்தம். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட மூளையலைப் பதிவுகளைத் தொடர்ந்து, அமைதியாகக் கண்மூடியிருப்போரிடம் விநாடிக்கு 8 முதல் 13 வரையான ஆல்ஃபா அலைகள் மிகும் என்பது தெளிவாயிற்று. பத்துத் துடிப்பை ஊட்டினால் மூளையும் பத்துக்கு இசையும் என்பது இத்துடிப்பின் அன்பர்தம் துணிபு. 2023-இல் வெளியான தொகுப்பாய்வொன்று இதனைச் சோதித்த 14 ஆய்வுகளை எடுத்துப் பார்த்ததில், 5 ஆம் என்றன, 8 இல்லை என்றன, ஒன்று இரண்டும் என்றது. வாக்கெடுப்பில் மூளை தோற்றதாயினும், அரைமணி நேரம் கண்மூடி அசையாதிருப்பதன் பலனை எந்த ஆய்வும் மறுக்கவில்லையாதலால், சாதகர் மனந்தளர வேண்டுவதில்லை. வண்டி ஓட்டுங்கால் கேளாதிருத்தலும், வலிப்பு நோயுடையார் மருத்துவரைக் கலந்துகொள்ளுதலும் மட்டுமே வேண்டுவன.

இவ்வாராய்ச்சியின் முடிந்த பொருள் யாதெனின்: ஆடாசிட்டியை எவரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்று அதன் உரிமம் கூறுகிறது, ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் கொடுத்தவனிடம் அது குறைவதில்லை. அத்தகைய பொதுச்சொத்தினின்று விளைந்த பலனையோ, அருகில் அமர்ந்திருப்பவருக்குப் பாதிகூடத் தர இயலாது. தம்பதிகள் இருவர் ஒரே ஜோடி இயர்பட்டை ஆளுக்கொன்றாகச் செவியிற் செருகிக்கொள்வாராயின், கணவனுக்கு 200 சேரும், மனைவிக்கு 210 சேரும். துடிப்பு ஒருவருக்கும் சேராது. பிறந்த மாத்திரத்தில் மகனுக்குப் பங்குண்டு என்னும் மிதாட்சரமும், தந்தை காலஞ்சென்றபின்னரே உண்டு என்னும் தாயபாகமும் ஆகிய சொத்துரிமை நூலிரண்டும், பங்கிட்டபின் பொருள் எஞ்சும் என்பதில் ஒருமனப்பட்டவை. ஆகையால் இச்சொத்தின் திறத்தில் இரண்டுமே செல்லா. இல்லத்தில் சாதகர் எத்தனை பேரோ அத்தனை ஹெட்ஃபோன் வாங்குவதே இதற்குரிய பாகப்பிரிவினை என்றும், விலையில்லாக் கலைக்கு ஆகும் செலவு இத்தலைப்பின் கீழேயே எழுதப்படும் என்றும் அறிக.