உள்ளங்கைக் கலவை: சுவையும் குணமும் பற்றிய ஓர் ஆய்வு

ஷெர்லக் ஹோம்ஸ் 140 வகைச் சுருட்டு, சிகரெட், பைப் புகையிலைகளின் சாம்பலை ஆராய்ந்து தனி நூலே எழுதியவர் என்று 1890-இல் வந்த நாவலில் கோனன் டாயில் எழுதுகிறார். நம் திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கும் அதில் இடமுண்டு. கருஞ்சாம்பல் அதன் அடையாளமாம். சாம்பலே விழாத புகையிலையைப் பற்றி மட்டும் ஹோம்ஸ் மூச்சுவிடவில்லை. அக்குறையை நீக்கவே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் ஸ்டோர்ஸில் பதினோரு வருடமாக நட்டும் போல்ட்டும் எண்ணிவரும் அடியேன் இவ்வாய்வில் இறங்கினேன். எனக்குப் பழக்கம் ஏதும் கிடையாது; ஆகவே நடுநிலை தவற வாய்ப்பில்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் கூர்மை.

ஆய்வு ஒரு தகர டப்பாவில் தொடங்கியது. புது மெஷினை ஓட்டிக் காட்ட ஜெர்மன்காரர் ஒருவர் வந்திருந்தார். எங்கள் கேட்டில் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வார். பைப் பிடிக்க வேண்டுமானால் அந்த மனுஷர் எதிர்ச் சாரி டீக்கடைக்குத்தான் வர வேண்டும். ஒருநாள் டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். அத்திப்பழம், பதனிட்ட தோல், காய்ந்த புல் என்று அதன் மூடியில் போட்டிருந்ததை அவரே படித்துச் சொன்னார். என் மூக்குக்குப் பட்டது வேறு. முதலில் மழையில் நனைந்த வைக்கோல்போர். அடுத்து, தலைக்கறி வாட்டும்போது தெருவே அறியும் அந்தக் கருகல். கடைசியில், பொங்கலன்று அடிப்பிடித்த வெல்லப் பானை.

மூன்றுக்கும் காரணம் இருந்தது. வைக்கோல் வாசம் வர்ஜீனியா இலையினுடையது. இனிப்பும் உண்டு, அவசரமாக இழுத்தால் நாக்கைப் பொசுக்கிவிடும். பர்லி இலைக்குச் சொந்தமாக இனிப்பு கிடையாது, ஊற்றிய பாகையெல்லாம் குடித்துக்கொள்ளும். வெல்லப் பானை அங்கிருந்து வந்தது. ஆட்டுத்தலைக்குப் பெயர் லட்டாக்கியா. சிரியாவின் துறைமுகப் பெயர் அது. விறகுப் புகையில் வாரக்கணக்கில் தொங்கிய இலை. இதைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் தென்னமட்டைப் புகையில் பாடம் போட்ட இலை, கடல் கடந்து திருவிதாங்கூர்வரை போய் விலை பேசிய சரக்கு. லட்டாக்கியாவுக்கு அது பங்காளி முறை.

அன்று எங்கள் பெஞ்சில் ஃபர்னஸ் பிரிவின் பீகார்ப் பையா ஒருவரும் இருந்தார். அவரும் ஒரு டப்பா எடுத்தார். இரண்டு வாய் கொண்ட டப்பா: ஒரு பக்கம் உலர்ந்த இலைத்தூள், மறுபக்கம் ஈரச் சுண்ணாம்பு. இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகைத் தூள். கட்டைவிரல் நகத்தால் சுண்டி எடுத்த சுண்ணாம்பு, ஒரு மிளகளவு. பிறகு வலது கட்டைவிரல் தேய்க்கத் தொடங்கியது. அவசரமே இல்லை. டீ வந்து, ஆடை படிந்து, அதை நான் ஊதி ஒதுக்கி ஒரு வாய் குடித்தபோதும் அவர் விரல் நிற்கவில்லை. பழுப்புத் தூள் கருத்துப் பதம் வந்ததும் உள்ளங்கையில் நாலு தட்டு. மிஞ்சிய தூசி பறந்தது. ஜெர்மன்காரர் மூன்று முறை தும்மினார், நான் இரண்டு. டீ மாஸ்டர் பழகியவர், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். பைப்காரன் விடும் புகை பக்கத்து ஆளுக்கு எப்படி மணக்கிறது என்பதற்கும் அந்த உலகில் மதிப்பெண் போடுவார்களாம். கைனி எனும் இந்த உள்ளங்கைக் கலவைக்கு அந்த மதிப்பெண் தும்மலில் வருகிறது.

இவ்விருவரும் ஒரே குலத்தார் என்பது என் துணிபு. அஃதெவ்வாறெனின்: நிகோட்டின் ஒரு காரம். அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகக் கட்டுண்டு கிடக்கும். இன்னொரு காரம் வந்து சேர்ந்தால் கட்டு அவிழ்ந்து வாயின் சவ்வு வழியே இரத்தத்தில் ஏறும். பர்லி போலக் காற்றில் உலர்த்திய இலையின் புகை காரப் பக்கம் சாய்ந்தது. பைப்காரருக்கு அதனால் வாயே போதும். சிகரெட்டின் புகை அமிலப் பக்கம், அதனால் நெஞ்சுவரை இழுக்க வேண்டியிருக்கிறது. பையாவோ அந்தக் காரத்தைச் சுண்ணாம்பாகக் கையிலேயே சேர்த்துவிடுகிறார். ஆக, உள்ளங்கையே உலகின் மலிவான பைப். கேட்டில் யாரும் பறித்துக்கொள்ளவும் முடியாது.

புகையிலை போர்த்துக்கீசியர் கொண்டுவந்த வேற்று நாட்டுச் செடி, அதற்கு ஏது குலம் என்பார் உளர். அவர்கள் சீனிச்சர்க்கரைப் புலவரின் புகையிலை விடு தூதைப் படித்ததில்லை. தேவர்கள் மும்மூர்த்திகளிடம் ஒப்படைத்த இலைகளில் வில்வத்தைக் கங்கையும் துளசியைப் பாற்கடலும் கொண்டுபோக, பிரமனிடம் தந்தது மட்டும் போகாமல் நின்றதால் அது ‘போகையிலை’ ஆயிற்றென்று அதற்கு வம்சமே எழுதிவிட்டார் புலவர். உ.வே.சா. பதிப்பித்த நூல், மேல்முறையீடு செல்லாது.

சுவைச் சோதனை சுருக்கமானது. ஒரு சிட்டிகையைக் கீழுதட்டில் ஒதுக்கினேன். முதலில் சுண்ணாம்பின் சுருக்கு, அடுத்து பிடிகருணைக் காரல், அதன்பின் விக்கல். அரை மணிநேரம் டிஎம்டி கம்பிக்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். கம்பிக்கட்டும் என்னோடு சுற்றியது. ஜெர்மன்காரர் தம் டப்பாவையும் சோதிக்கச் சொன்னார். ஆய்வு நிதி தீர்ந்துவிட்டது என்றேன்.

எஞ்சியது சுண்ணாம்பின் மூலம். பழவேற்காடு, ஏரிப் பக்கம் கிளிஞ்சல் வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய ஊர். 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டை கட்டியதும் அங்கேதான். ஹாலந்தின் கௌடா நகரம் களிமண் பைப்புக்குப் பேர்போனது. எனவே பைப்பும் சுண்ணாம்பும் முதலில் சந்தித்தது நம் மாவட்டத்தில்தான் என்று நிறுவ ஆசை. சான்று ஏதும் இல்லை, ஆசைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். கோட்டையில் பார்க்க அதிகமில்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அதன் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன.

புகையிலை உறையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதி. பையா அந்தச் சிற்பங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“சார், பாக்கெட் போட்டோ!”

“இது முந்நூறு வருஷம் முன்னாடி வெச்சது பையா.”

“அப்போவே போட்டாங்களா?” என்றவர், எலும்புக்கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்தார். தேய்த்து முடித்து உள்ளங்கையில் தட்டினார். எனக்குத் தும்மல் வந்தது.